பெயரை எங்கே எழுதிவைத்தார்கள்?

புதிய கணினிக்குப் படங்களை மாற்றியதும், ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து குறித்த பெயர்கள் அத்தனையும் காணாமல் போகின்றன. இதை முகம் அறியும் நிரலின் கோளாறு என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த நிரல்களின் வரலாற்றைப் பார்த்தால் குற்றவாளி வேறு இடத்தில் இருப்பது தெரியும். ஸ்டுடியோவில் எடுத்த படத்தின் பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதிய காலத்தில், படம் போன வீட்டுக்கெல்லாம் பெயரும் கூடவே போனது. கணினியில் படம் ஒரு கோப்பாகவும் பெயர் வேறொரு பதிவேடாகவும் பிரிந்தன. இது தொழில்நுட்பத்தின் தலையெழுத்து அல்ல, நிரலை எழுதியவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு.

முகம் அறியும் வசதி வீட்டுக் கணினிகளுக்குப் பரவலாக வந்தது 2009-இல். ஜனவரியில் ஆப்பிள் தன் ஐபோட்டோவில் அதை அறிவித்தது. செப்டம்பரில் கூகுளின் பிக்காசா 3.5 வந்தது. ஐபோட்டோ முக விவரங்களைத் தன் நூலகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. நூலகத்தை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனால் பெயர் பிழைக்கும். படங்களை மட்டும் வெளியே எடுத்தால் பிழைக்காது. பிக்காசா செய்தது இன்னும் விசித்திரம். ஒவ்வொரு கோப்புறையிலும் பெயர் புள்ளியில் தொடங்கும் ஒரு சிறு ஐ.என்.ஐ. கோப்பை மறைத்து வைத்தது. அதைத் திறந்தால் படத்தின் பெயருக்குக் கீழே 'ரெக்ட்64' என்று ஒரு வரி இருக்கும். அடைப்புக்குறிக்குள் பதினாறு இலக்கப் பதினறும எண். நான்கு நான்காகப் பிரித்தால் முகச் சதுரத்தின் இடது, மேல், வலது, கீழ் எல்லைகள். அதையடுத்து ஆளைக் குறிக்கும் இன்னொரு நீண்ட எண். அந்த எண் யாருடையது என்ற விவரமோ, விண்டோஸ் பயனர் கணக்கின் உள்ளறையில் 'கான்டாக்ட்ஸ்' என்ற வேறொரு கோப்பில் இருந்தது. படங்களை மட்டும் தெரிவுசெய்து நகலெடுத்தவருக்குச் சதுரமும் வரவில்லை, பெயரும் வரவில்லை. கோப்புறையோடு எடுத்தவருக்குச் சதுரம் வந்தது, ஆளின் எண்ணும் வந்தது. கான்டாக்ட்ஸ் கோப்பு பழைய கணினியிலேயே தங்கிவிட்டால் அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று சொல்ல ஆளில்லாமல் போகலாம். பின்னாளில் பிக்காசா 3.9 பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதும் வசதியைத் தந்தது. விருப்பத் தேர்வுகளுக்குள் போய்த் தேடினால்தான் அது கண்ணில் படும்.

படக் கோப்பில் கைவைத்தால் மூலப்படம் கெட்டுப்போகக்கூடும், அதனால்தான் தனியாக வைத்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அச்சம் நியாயமானதே. ஆனால் பக்கத்திலேயே படத்தின் விவரங்களைத் தாங்கும் ஓர் எக்ஸ்.எம்.பி. துணைக்கோப்பு வைத்து அதில் எழுதும் வழி அப்போதே இருந்தது. பொது முறை இல்லையே என்றும் சொல்ல முடியாது. அடோபி, ஆப்பிள், கேனான், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, சோனி ஆகியவை சேர்ந்த மெட்டாடேட்டா பணிக்குழு, முகச் சதுரத்தையும் பெயரையும் படத்துக்குள் எப்படி எழுதுவது என்று 2010-இலேயே வழிகாட்டி வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்த மைக்ரோசாஃப்டின் போட்டோ கேலரி, பெயரைப் படத்துக்குள் எழுதியது உண்மை. எழுதியது தன் சொந்த முறையில். இன்னோர் உறுப்பினரான ஆப்பிளின் சாதனங்களிலோ, 2016-இல் ஐபோனில் குறித்த பெயர் அதே ஆளின் மேக்கில் தெரியவில்லை. ஒத்திசைவு வர அடுத்த ஆண்டாயிற்று. அதுவும் ஆப்பிளின் வேலிக்குள் மட்டுமே.

அந்தரங்கம் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. படத்தோடு பெயரும் பயணம் செய்தால், பகிரும் இடமெல்லாம் வீட்டாரின் அடையாளம் சிதறும். இங்கே மூன்று பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: முகத்தின் கணித வார்ப்பு, சதுரம், பெயர். 2021-இல் ஃபேஸ்புக் நூறு கோடிக்கும் மேற்பட்டோருடையதை அழிப்பதாக அறிவித்தது அந்த வார்ப்பைத்தான். ஆபத்தும் பெரும்பாலும் அதில்தான். அது பயணப்படத் தேவையே இல்லை, புதிய கணினி தானே மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். பெயரை வெளியாருக்கு அனுப்பும்போது நீக்கிக்கொள்ளலாம். எப்படியும் இன்றைய நிரல் சில மணி நேரத்தில் எல்லா முகங்களையும் மறுபடி தொகுத்துவிடுமே, பிறகென்ன கவலை என்போருக்கும் பதில் இதுதான். இருநூறு படங்களில் இருப்பவர் ஒரே ஆள் என்று அது சொல்லும். அவர் தாத்தாவின் கடைசித் தங்கை என்று சொல்லாது. அதைச் சொன்னவர் உயிரோடு இருந்தபோது தட்டச்சு செய்த பெயரை எந்தக் கணக்கீடும் திரும்பத் தராது.

கூகுள் 2016 மார்ச் 15-உடன் பிக்காசாவைக் கைவிட்டது. ஏற்கெனவே நிறுவிய கணினிகளில் அது இன்னும் ஓடும். ஆகவே பழைய கணினியை எடைக்குப் போடுமுன் பிக்காசாவைத் திறந்து, பெயர்களைப் படங்களுக்குள் எழுதச் சொல்லுங்கள். மறைந்த கோப்புகளோடு கோப்புறைகளையும், கூடவே கான்டாக்ட்ஸ் கோப்பையும் நகலெடுங்கள். பிறகு ஒரு படத்தை டிஜிகாம் போன்ற வேறொரு நிரலில் திறந்து, பெயர் தெரிகிறதா, சதுரம் முகத்தின் மேலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நடுவில் யாராவது படத்தைச் சுழற்றியிருந்தால் அது தோளிலோ சுவரிலோ நிற்கும். அதைத் திருத்திய பிறகு வன்தட்டை அழிக்கலாம்.