சட்ட முன்வரைவுகளும் சிறார் நீதியில் இன வேறுபாடும்

ஒரு சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே, அது வெவ்வேறு இனத்தவரை எந்த அளவில் பாதிக்கும் என்று கணக்கிட்டுச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படும் ஆவணம் இன விளைவு அறிக்கை எனப்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2008ஆம் ஆண்டு முதல் சில மாநிலங்கள் இதைச் சட்டமாக்கியுள்ளன. இனத்தின் பெயரையே குறிப்பிடாத ஒரு சட்டம் ஓர் இனத்துச் சிறுவர்கள் மீது மட்டும் எப்படி விழக்கூடும் என்பதை அந்நாட்டின் சிறார் நீதி வரலாறு காட்டுகிறது.

முதல் சிறார் நீதிமன்றம்

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் இல்லினாய் மாநிலத்தின் குக் மாவட்டத்தில், சிகாகோ நகரில் தொடங்கப்பட்டது. ஜேன் ஆடம்ஸ் நிறுவிய ஹல் இல்லத்தைச் சேர்ந்த பெண்கள் இதற்காகப் பாடுபட்டனர். தவறு செய்த சிறுவனைக் குற்றவாளியாகக் கருதாமல், பாதுகாப்பும் வழிகாட்டலும் தேவைப்படும் பிள்ளையாகக் கருத வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

ஆயிரம் அடி விதி

1980களில் போதைப்பொருளுக்கு எதிராக நாடெங்கும் கடுமையான சட்டங்கள் வந்தன. பள்ளியிலிருந்து 1000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 300 மீட்டருக்குள், போதைப்பொருள் விற்றதாகக் குற்றஞ்சாட்டப்படும் 15, 16 வயதுச் சிறுவர்களைப் பெரியவர்களுக்கான நீதிமன்றமே நேரடியாக விசாரிக்கும் என்று இல்லினாய் சட்டம் இயற்றியது. பின்னர் அரசுக் குடியிருப்புகளைச் சுற்றிய பகுதிக்கும் இந்த விதி நீட்டிக்கப்பட்டது. சிறுவனின் சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை சிறார் நீதிபதிக்கு இல்லாமல் போனது.

பள்ளிப் பிள்ளைகளைக் காப்பதே சட்டத்தின் நோக்கம். விளைவை முடிவு செய்தது நில அமைப்பு. சிகாகோவின் கறுப்பின, லத்தீன் இனக் குடியிருப்புகளில் வீடுகள் நெருக்கமானவை. பள்ளிகளும் அடுத்தடுத்து இருந்தன. ஆகவே பல பகுதிகளில் தெருவின் எந்த மூலையில் நின்றாலும் ஏதாவது ஒரு பள்ளிக்கோ அரசுக் குடியிருப்புக்கோ 1000 அடிக்குள்தான் நிற்க வேண்டியிருந்தது. அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வீடுகள் விலகி விலகி அமைந்த புறநகரில், அதே குற்றத்தைச் செய்த வெள்ளையினச் சிறுவனின் வழக்கு பெரும்பாலும் சிறார் நீதிமன்றத்துக்கே சென்றது.

1990களின் இறுதியில் குக் மாவட்டத்தின் புள்ளிவிவரங்கள் தொகுக்கப்பட்டபோது, இவ்விதியின்படி மாற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ அனைவரும் கறுப்பின, லத்தீன் இனச் சிறுவர்களாக இருந்தனர். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் பெறும் தண்டனை பொதுப் பதிவாக நிலைத்து, பிற்காலத்தில் வேலையும் வாடகை வீடும் கிடைப்பதற்குத் தடையாகும்.

நீதிமன்றத்திலிருந்து சட்டமன்றத்துக்கு

இத்தகைய வேறுபாட்டை நீதிமன்றத்தில் எதிர்ப்பது கடினம். 1987இல் மெக்கிளெஸ்கி எதிர் கெம்ப் என்னும் மரண தண்டனை வழக்கில், புள்ளிவிவரம் காட்டும் இன வேறுபாடு மட்டுமே அரசியலமைப்பு மீறலை நிறுவாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இத்தகைய வாதங்களை வைக்கத் தகுந்த இடம் சட்டமன்றமே என்றும் கூறியது.

அடுத்த ஆண்டே, 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சிறார் நீதிச் சட்டம் திருத்தப்பட்டது. சிறுபான்மையினச் சிறார் தங்கள் மக்கள்தொகை விகிதத்துக்கு மேல் காவலில் வைக்கப்படுகின்றனரா என்று மாநிலங்கள் ஆராய வேண்டியதாயிற்று. 1992இல் இது நிதியுதவிக்கான முக்கிய நிபந்தனைகளுள் ஒன்றானது. 2002இல் கைது முதல் தண்டனை வரையுள்ள எல்லாக் கட்டங்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. எனினும் இவை அனைத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எடுக்கும் கணக்குகளே.

முன்கூட்டியே கணக்கிடுதல்

2007 அளவில் அயோவா மாநில மக்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினராக இருந்தனர். சிறைவாசிகளிலோ ஏறத்தாழ கால் பங்கினராக இருந்தனர். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஏற்றத்தாழ்வில் அயோவாவே நாட்டில் முதலிடம் வகிப்பதாகக் காட்டியது. இதையடுத்து வேய்ன் ஃபோர்டு என்ற உறுப்பினரின் முயற்சியால் 2008இல் அங்கு இன விளைவு அறிக்கை சட்டமாகியது. அதே ஆண்டில் கனெடிகட் பின்தொடர்ந்தது. 2013இல் ஒரிகன் இயற்றிய சட்டம் குழந்தைகள் நலச் சேவைகளையும் உள்ளடக்கியது. 2018இல் நியூ ஜெர்சி சிறார் நீதியையும் தன் சட்டத்தில் சேர்த்தது.

கணக்கிடும் முறை எளிது. முன்மொழியப்பட்ட குற்றத்துக்கு இணையான குற்றங்களில் இதுவரை தண்டிக்கப்பட்டோரின் இன விகிதம் மக்கள்தொகை விகிதத்துடன் ஒப்பிடப்படும். புதிய சட்டத்தால் காவலில் கூடுவோர் எண்ணிக்கை அதிலிருந்து மதிப்பிடப்படும்.

வரம்புகள்

இவ்வறிக்கைக்குச் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. பாதகமான மதிப்பீட்டைப் படித்த பின்னரும் உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களிக்கலாம். பழைய கைதுப் பதிவுகளிலேயே பாரபட்சம் கலந்திருந்தால் அதிலிருந்து பெறும் மதிப்பீடும் பிழையாகும். கைது, தண்டனை பற்றிய எண்கள் மட்டுமே கிடைக்கும்போது, பள்ளியை இழப்பது, குடும்பத்தைப் பிரிவது போன்ற பாதிப்புகள் கணக்குக்கு வெளியே நின்றுவிடும்.

ஆயினும் இல்லினாயின் அனுபவம் இதன் பயனை உணர்த்துகிறது. 2005இல் அங்கு சட்டம் திருத்தப்பட்டு, போதைப்பொருள் வழக்குகள் மீண்டும் சிறார் நீதிமன்றத்தில் தொடங்கின. முதல் இரண்டு ஆண்டுகளில் குக் மாவட்டத்தில் தானாக மாற்றப்படும் வழக்குகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. ஆயிரம் அடி விதியின் விளைவை அறியத் தேவையான நகர வரைபடமும் மக்கள்தொகைக் கணக்கும் 1980களிலேயே இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அன்று கேட்கவில்லை. விதி திருத்தப்படுவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. விதி வந்தபோது பிறந்த பிள்ளைகள் அதற்குள் அந்த 15, 16 வயதைக் கடந்திருந்தனர்.