கல்வராயன் மலைக்கு ‘உச்சி’ எது? சிகரம் தொட்டோம்னு எப்போ சொல்லலாம்?

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியா வண்டியை விட்டால், வளைந்து வளைந்து ஏறும் சாலை வெள்ளிமலையில் கொண்டுபோய் விடும். கடைத்தெரு, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் என்று அங்கே ஒரு முழு ஊரே இருக்கிறது. அங்கே நின்று செல்ஃபி எடுத்து, “கல்வராயன் சிகரம் தொட்டாச்சு” என்று ஸ்டேட்டஸ் போடலாமா?

மலைக்குப் போனது உண்மை. ஆனால் சிகரம் தொட்டதாகச் சொல்ல முடியாது. ஏன்னு பார்க்கலாம்.

மொட்டை மாடி மாதிரி ஒரு மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன், கூம்பு வடிவ மலை இல்லை. மேலே போனால் பரந்து கிடக்கும் பீடபூமி. அதில் வயல், ஓடை, ஊர் எல்லாம் உண்டு. மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வது இங்கேதான் (பெயரைப் பார்த்து கேரளாவுக்குப் போய்விடாதீர்கள், மலையை ஆள்பவர்கள் என்பதுதான் பொருள் என்பார்கள்). வடக்கே சின்ன கல்வராயன் சராசரியாக 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மொட்டை மாடிக்கு ஏறியவர் வீட்டின் உச்சிக்குப் போய்விட்டாரா? மாடி மேலே தண்ணீர் டேங்க் இருக்கிறதே! கல்வராயனிலும் அதே கதைதான். பீடபூமியின் மேல் அங்கங்கே குன்றுகள் எழுந்து நிற்கின்றன. எதை ‘அந்த’ உச்சி என்பது?

பக்கத்து மாவட்டத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. திருவண்ணாமலையின் அண்ணாமலை 814 மீட்டர்தான், அதாவது சுமார் 2,670 அடி. கல்வராயனைவிடக் குட்டை. ஆனால் கார்த்திகை தீபக் கொப்பரை எங்கே வைக்கப்படுகிறது என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டும். சமவெளியில் இருந்து 600 மீட்டருக்கும் மேல் தனியாக எழுந்து நிற்கும் மலை அது.

உயரம் மட்டும் போதாது

இந்த ‘தனியாக எழுந்து நிற்பது’தான் மலையேறுபவர்களின் முக்கிய அளவுகோல். ஆங்கிலப் பெயரில் ‘ப்ராமினன்ஸ்’ என்பார்கள். ஒரு உச்சியில் இருந்து அதைவிட உயரமான இன்னொரு உச்சிக்கு நடந்து போகிறீர்கள் என்று வையுங்கள். எந்த வழியில் போனாலும் குறைந்தபட்சம் எவ்வளவு கீழே இறங்கியே ஆக வேண்டுமோ, அதுதான் அந்த உச்சியின் ப்ராமினன்ஸ். பத்து அடி இறங்கி ஏறினால் போதும் என்றால் அது தனிச் சிகரம் இல்லை, பெரிய மலையின் தோள்பட்டை.

எவ்வளவு இறங்கினால் தனிச் சிகரம்? இதில்தான் ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது. ஆல்ப்ஸ் மலையில் 4,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களைப் பட்டியலிட, சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு 1994-ல் 30 மீட்டரை அடிப்படையாக வைத்தது. 82 சிகரங்கள் தேறின. பிரிட்டனில் ‘மர்லின்’ என்ற பட்டியலில் சேர 150 மீட்டர் வேண்டும். ஸ்காட்லாந்தில் ஹியூ மன்ரோ 1891-ல் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியல் போட்டபோது இப்படி எந்த எண்ணையும் சொல்லவில்லை. அதனால் அந்தப் பட்டியலில் இன்றுவரை சேர்ப்பதும் நீக்குவதுமாக இருக்கிறார்கள். கல்வராயன் குன்றுகளையும் எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எண்ண முடியும்.

கடைசி ஐந்து மீட்டர்

உச்சி எது என்று முடிவான பிறகும் சண்டை ஓயாது. நேபாளத்தின் மனாஸ்லுவில் (8,163 மீட்டர்) பல ஆண்டுகளாகப் பலர் உண்மையான உச்சிக்குச் சற்று முன்பே நின்று திரும்பினார்கள். 2021-ல் எடுத்த ட்ரோன் படம் அதை அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டு முதல் கடைசிப் புள்ளியைத் தொட்டவர்களுக்கு மட்டுமே கணக்கு.

ஜாம்பவான் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் தப்பவில்லை. 1985-ல் அன்னபூர்ணாவில் உச்சிக்குச் சுமார் 5 மீட்டர் கீழேயே திரும்பிவிட்டார் என்ற ஆய்வை ஏற்று, 14 எட்டாயிரம் மீட்டர் சிகரங்களையும் முதலில் ஏறியவர் என்ற பட்டத்தை கின்னஸ் 2023-ல் எட் வீஸ்டர்ஸுக்கு மாற்றியது. மெஸ்னர் இதை ஏற்கவில்லை. 38 வருஷம் கழித்து ஐந்து மீட்டர் கணக்குப் பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்!

அதே சமயம், 1955-ல் கஞ்சன்ஜங்காவை முதலில் ஏறியவர்கள் சில அடிகள் முன்பே வேண்டுமென்றே நின்றார்கள். புனித மலையின் உச்சியை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் மன்னருக்குத் தந்த வாக்கு அது. அந்த ஏற்றத்தை உலகமே முழுசாக ஏற்றுக்கொண்டது.

தொட்டபெட்டா கணக்கில் வருமா?

நீலகிரியின் 2,637 மீட்டர் தொட்டபெட்டா சந்தேகமே இல்லாத சிகரம். ஆனால் டெலஸ்கோப் ஹவுஸ் வரை கார் போகும். நின்ற இடம் சிகரம், ஏறியது வண்டி. ‘பார்த்தேன்’ எனலாம், ‘ஏறினேன்’ என்றால் கூட வந்தவர்களே சிரிப்பார்கள். கோபுரம், டவர் மேல் ஏறுவதும் கணக்கில் வராது. இயற்கையான தரைதான் உச்சி.

போன் காட்டும் உயரத்தை நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டாம். ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம் கடல் மட்டத்தில் இருந்து அல்ல, பூமிக்கு வரைந்த ஒரு கற்பனை வடிவத்தில் இருந்து. தமிழ்நாட்டுப் பகுதியில் உண்மையான கடல் மட்டம் அந்த வடிவத்தைவிடச் சுமார் 90 மீட்டர் தாழ்வு. இதைத் திருத்தாத செயலிகள் நம் மலைகளை அந்த அளவுக்குக் குட்டையாகக் காட்டும். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் முக்கோணக் குறியோடு இருக்கும் உயரமே நம்பகமானது.

அந்தக் குறியைத் தேடி நீங்களாகவே காட்டுக்குள் இறங்கிவிடாதீர்கள். 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 23 பேர் பலியானார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். வெள்ளிமலைச் சாலையைவிட்டு விலகி எந்தக் குன்றில் ஏற நினைத்தாலும், முதலில் போக வேண்டியது வனத்துறை அலுவலகத்துக்கு.