கரண்ட் இருந்தும் பேட்டரியில் ஓடிய காலம்

2008 நவம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டுப்பாடு வந்தது. 2012இல் அது உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. கலசப்பாக்கம் போன்ற ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. மல்லாட்டை விற்ற காசில் டி.வி. வாங்கியவர்கள் இன்வெர்ட்டர் வாங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

வாங்கியவர்களுக்கு ஒரு புதிர். கரண்ட் வந்த பிறகும் பெட்டி பேட்டரியிலேயே ஓடியது! பக்கத்து வீட்டில் மின்விசிறி மெதுவாகவாவது சுற்றும். இங்கே பேட்டரி தீர்ந்து 'பீப்' அடிக்கும். கடைக்காரரைத் திட்டினார்கள். பாவம், பெட்டியில் கோளாறு இல்லை.

செய்யாற்றங்கரையில் கிணறுகள் ஏராளம். 1990 முதல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம். காத்திருந்து கரண்ட் வந்ததும் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். மும்முனை இல்லாத நேரத்தில் கண்டன்சர் வைத்தும் ஓட்டுவார்கள். குறை சொல்ல மாட்டேன், பயிர் காயும்போது யார் பொறுத்திருப்பார்? லைன் கடைசியில் இருந்த எங்கள் தெருவுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 160, 170தான் வரும்.

இன்வெர்ட்டரில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு: 'யு.பி.எஸ்.', 'நார்மல்'. கம்ப்யூட்டருக்கான யு.பி.எஸ். நிலையில், சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கரண்டே இல்லை என்று முடிவுகட்டி, பெட்டி பேட்டரிக்குத் தாவிவிடும். நார்மலில் 110 வரை ஏற்றுக்கொள்ளும். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி வீடு வீடாகப் போய் அதைத் தள்ளிவிட்டு வந்தார். கூலி ஒரு டீ.

அதிலும் முழுசாகத் தீரவில்லை. வோல்டேஜ் குறைந்தால் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். அதற்குள் அடுத்த வெட்டு. அரைவயிறாகவே கிடந்த பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, ஐந்து வருஷம் உழைக்க வேண்டியது இரண்டிலேயே போயிற்று. பிளஸ் டூ பிள்ளைகள் மார்ச் மாதம் மெழுகுவர்த்தியில் படித்தார்கள். காற்றாலைகள் மே மாதத்துக்குப் பிறகுதான் கைகொடுக்கும். வடக்கிலிருந்து வாங்கலாமென்றால் தென்னக மின்தொகுப்பு தனித்திருந்தது, கொண்டுவரும் பாதை போதாது.

2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் அலகு தொகுப்பில் இணைந்தது. அதே வருஷம் டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னகம் நாட்டின் தொகுப்போடு சேர்ந்தது. வெட்டு மெல்லக் குறைந்தது. ஆனால் வோல்டேஜ் உயர்ந்தது அதனால் இல்லை. அது தெருமுனையில் புது டிரான்ஸ்பார்மர் வைத்த பிறகுதான்.

பல வீடுகளில் அந்தச் சுவிட்ச் இன்னும் நார்மலிலேயே இருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் பேரன்மார்களின் கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுகிறது. ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது.