தரவு மையங்களின் 'பசுமை' எண்களை யார் சரிபார்ப்பது?

நாம் பார்க்கும் காணொளியும் அனுப்பும் மின்னஞ்சலும் எங்கோ இரவு பகலாக இயங்கும் கணினிகளின் ஊடாகவே வருகின்றன. அந்தக் கணினிகள் இருக்கும் கட்டடங்களே தரவு மையங்கள். சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, 2024இல் உலக மின்சாரப் பாவனையில் சுமார் 1.5 வீதம் இவற்றுக்குச் சென்றது. பல மையங்களில் கணினிகளைக் குளிரூட்டத் தண்ணீரும் தேவை. எவ்வளவு செலவாகிறது என்பதைப் பெரும்பாலும் நிறுவனங்களே சொல்கின்றன. அந்தக் கணக்கை வெளியார் சரிபார்க்க முடியாதவரை அதை நம்பகமான தரவாக என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்றொரு சிறு நகரம் உண்டு. 2006 முதல் கூகுளின் தரவு மையம் அங்கு இயங்குகிறது. கூகுள் எடுக்கும் தண்ணீரின் அளவை, எமது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஒத்த மாநிலச் சட்டத்தின் கீழ், 2021இல் 'த ஒரிகோனியன்' பத்திரிகை கேட்டது. அது வணிக இரகசியம் என்ற நகர நிர்வாகம், பத்திரிகைக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. புதிய மையங்களுக்கு நீர் வழங்கும் ஒப்பந்தத்தை அவ்வாண்டு நவம்பரில் நகர சபை அங்கீகரித்தபோதும் அந்த எண் மக்களுக்குத் தெரியாது.

2022 டிசெம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்து தகவல் வெளிவந்தது. 2021இல் கூகுள் பாவித்தது சுமார் 355 மில்லியன் கலன், அதாவது ஏறத்தாழ 134 கோடி லீற்றர். நகரின் மொத்த நீர்ப் பாவனையில் இது கால் பங்கிற்கும் அதிகம்.

வெளியிடப்படும் எண்களையும் கவனமாகவே வாசிக்க வேண்டும். ஒரு மையத்தின் மொத்த மின்சாரத்தை, கணினிகள் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்து வருவது மின் வினைத்திறன் விகிதம். அது 1ஐ நெருங்கினால் நல்லது என்பார்கள். ஆனால் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரூட்டும்போது இந்த விகிதம் அழகாகக் குறையும். நீர்ச் செலவு ஏறும்.

2017 முதல் ஆண்டு மின்பாவனைக்குச் சமமான புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை முழுமையாக வாங்குவதாகக் கூகுள் கூறுகிறது. மணிக்கு மணி, அந்தந்த மின்வலையமைப்பில் கணக்கிட்டால், 2023இல் கரிமமற்ற மின்சாரத்தின் பங்கு 64 வீதம். இரண்டும் கூகுளே வெளியிட்டவை. கணக்கிடும் முறை வேறு.

500 கிலோவாற் அல்லது அதற்கு மேற்பட்ட கணினி மின்திறன் கொண்ட மையங்கள் தரவுகளை அறிக்கையிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் விதித்தது. ஆனாலும் தொகுத்த எண்களே பொதுமக்களுக்குக் கிடைக்கும். தனித்தனி மையங்களின் விபரம் இரகசியமாகவே பேணப்படும்.

ஆகவே ஒரு நிறுவனம் தன்னைப் 'பசுமை' என்று சொல்லும்போது நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். அளந்தது மீற்றரா, மதிப்பீடா? எண் இந்த ஊருக்கானதா, உலகம் முழுவதற்குமான சராசரியா? ஆண்டுக் கணக்கா, மணிக் கணக்கா? நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் மூலப்பதிவைப் பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால், மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பதில் வெறும் வாக்குறுதிதான்.