தோப்பியும் வேலம்பட்டையும்

தோப்பி என்பது அரிசியைப் புளிக்கவைத்து வீட்டிலேயே ஆக்கிய கள். இன்றைய திருவள்ளூர் மாவட்டமும் அடங்கிய பழைய தொண்டை நாட்டில் இத்தகைய அரிசிக் கள் ஆக்கிய பக்குவம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு அது. வலைஞர் குடியிருப்புக்கு வரும் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில், செய்முறையையே புலவர் அடுக்கிவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவுகிறார்கள். வாயகன்ற தட்டில் ஆறவிடுகிறார்கள். ‘நல்லடை’யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

நல்லடை என்பதற்கு நெல்முளை என்று உரை சொல்கிறார்கள். பக்குவத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. முளைவிடும் நெல்லில் ஊறும் நொதி அரிசியின் மாவைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றும். பார்லியை முளைகட்டிப் பீர் ஆக்குவதும் இதே வழிதான். ஆகவே தோப்பியைத் தொண்டை நாட்டுப் பீர் என்றே சொல்லலாம்.

குளிர்நாடுகளில் பீருக்கு மணமும் துவர்ப்பும் தர ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் கொழுந்தைக் கிள்ளிப் போட்டார்கள். 1773இல் நியூசிலாந்துக் கரையில் கப்பலை நிறுத்திய ஜேம்ஸ் குக், ஸ்ப்ரூஸுக்குப் பதிலாக அங்கே கிடைத்த ரிமு மரக் கிளைகளையும் மனுகா இலைகளையும் கொதிக்கவைத்து மாலுமிகளுக்குப் பீர் ஆக்கினார். கையெட்டும் மரத்தைப் பானையில் சேர்க்கும் அந்த வழக்கம் தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் உண்டு. இங்கே கொழுந்துக்குப் பதில் பட்டை. வெள்வேல மரத்தின் பட்டையை வெல்லக் கரைசலில் போட்டுப் பானையில் புளிக்கவைத்தால் அது ஊறல். ஊறலைக் காய்ச்சி இறக்கினால் பட்டைச் சாராயம். பட்டையின் துவர்ப்புச் சத்து கரைசலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து அடியில் படியும், கரைசல் தெளியும். அந்த மரத்துக்கே சாராய வேல் என்றொரு பெயர் உண்டு. எத்தனை தலைமுறைக் கைப்பழக்கம் இருந்தால் ஒரு மரத்துக்கு இப்படிப் பெயர் விழும்!

1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரி (மதுவரி) சட்டத்தின் கீழ், உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றமானது. சாராயம் ஆலைச் சரக்காகியது. சென்னையின் பாரி நிறுவனத்தினது சர்க்கரைத் தொழிலின் பெயரிலேயே ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ்’ என்று சாராய ஆலை இருந்ததே அந்தக் காலத்தின் அடையாளம்.

பிறகு மதுவிலக்கு வந்தது. 1937இல் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்தூர் மாவட்டத்துக்கு நீட்டித்தது. திருத்தணி அப்போது சித்தூரைச் சேர்ந்தது; 1960இல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதனால் திருத்தணியில் கடைகள் மூடிய பிறகும், செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த பக்கத்துத் திருவள்ளூரில் அவை திறந்திருந்தன. 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பியது. 1981இல் திறந்த கள், சாராயக் கடைகள் 1987இல் மூடப்பட்டன.

கும்மிடிப்பூண்டியின் ஆலைகளைக் கடந்து வடக்கே போனால் ஆரம்பாக்கம், அதற்கப்பால் ஆந்திரம். அங்கே உரிமம் பெற்றுக் கள் இறக்கலாம். தெற்கே, கள்ளுக்குத் தடை நீடிக்கும் இந்தப் பக்கம் பனையேறுகிறவர், பாளைச் சாறு புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீராகத்தான் இறக்க வேண்டும்.