இரண்டாவது கேள்வி

வாகனம் ஸ்டார்ட் ஆகாட்டி, எங்கட வண்ணாத்திவில்லுப் பக்கம் மெக்கானிக்மார் மூன்று விஷயத்தைப் பார்ப்பாங்க. பிளக்கில் பொறி வருதா, எண்ணெய் வருதா, காற்று வருதா? இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் இலங்கை வரலாறு கொஞ்சம் கிடக்குது.

புத்தளத்தில் 1990 எண்டால் முதலில் ஞாபகம் வாறது, அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து சேர்ந்த முஸ்லிம் மக்கள். அதே வருஷம் ஜூனில் போர் திரும்பவும் தொடங்க, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், டீசல், பற்றரி போறதை அரசாங்கம் தடை செய்தது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. அங்கே மிஞ்சியிருந்தவர்களின் கார்கள் அதில்தான் ஓடின.

எப்படி ஓடின? பெற்றோல் மைனஸ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேணும். ஆறிக் கிடக்கிற எஞ்சினுக்குள் அது சரியாக ஆவியாகாது. எத்தனை தரம் சாவியைத் திருப்பினாலும் பற்றாது. எஞ்சின் சூடாகிவிட்டால் பிரச்சினையில்லை. அதனால் காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மொறிஸ் மைனர், ஒஸ்டின் மாதிரியான பழைய கார்களின் எஞ்சினில் அழுத்தம் குறைவு. அவை இதைத் தாங்கின. ஒரு போத்தல் பெற்றோலை மாதக்கணக்கில் பொத்திப் பாதுகாத்தவர்கள் இருந்தார்கள்.

இதை யாழ்ப்பாணத்தின் கண்டுபிடிப்பு எண்டு பெருமையாகச் சொல்வாங்க. ஆனால் 1940களின் கடைசியில் வந்த பேர்கசன் ட்ரக்டர்களில் ஒரு வகை பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாறும். எங்கட கடற்கரைப் படகுகளின் மண்ணெண்ணெய் எஞ்சினும் அப்படித்தான். அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. காரை அப்படி ஓட்டினால் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும், பிளக்கில் கரி பிடிக்கும், புகை கண்ணை எரிக்கும். தெரிந்தே எஞ்சினைக் கெடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி இருக்கவில்லை. கெட்டித்தனத்தை மட்டும் கொண்டாடுகிற கதையில் அந்தத் தடைக்குப் பொறுப்பானவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

2022இல் நாடு முழுக்க எரிபொருள் வரிசை நீண்டபோது இந்தக் கதையைப் பலர் திரும்ப எடுத்தார்கள், ‘அப்பவும் சமாளிச்சம்தானே’ எண்டு. ஆனால் இந்தத் தரம் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றி வைத்தார்கள். பிளக்கில் பொறி வந்தது, காற்றும் வந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருந்தார்கள்.