குடும்ப வரலாறு கிடைக்காத இடத்தில்: பாகான் டத்தோவும் மரபுவழிப் புற்றுநோயும்

மரபுவழிப் புற்றுநோயைத் தேடும் மருத்துவர் முதலில் கேட்பது, “உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா?” என்பதுதான். மலேசியாவின் பேராக் ஆற்று முகத்துவாரத்தில், தென்னையும் செம்பனையும் சூழ்ந்த பாகான் டத்தோவின் தோட்டத் தமிழரிடையே, மரபணுச் சோதனைக்கு யாரை அனுப்புவது என்பதை இந்தக் கேள்வியின் விடையைக் கொண்டு முடிவு செய்வது தவறு என்பதே என் வாதம்.

கட்டி ஒடுக்கும் மரபணு ஒவ்வொன்றும் உயிரணுவில் இரு படிகளாக இருக்கிறது. ஒரு படி பிறப்பிலேயே பழுதாகியிருந்தால், மற்றது ஏதோ ஓர் உயிரணுவில் கெட்டாலே புற்று தொடங்கலாம். ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் குழந்தைகளின் விழித்திரைப் புற்றை வைத்து இந்தக் கருதுகோளை முன்வைத்தார். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகியவை இத்தகைய மரபணுக்கள். பிஆர்சிஏ1 பிறழ்வுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 72%, சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு 44% என 2017-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. பிஆர்சிஏ2-க்கு இவை 69%, 17%. அந்த ஆய்வில் பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களே இடம்பெற்றன.

தோட்டக் குடும்பத்தின் கதை வேறு. இங்கு குடியேறிய தாத்தாவின் உடன்பிறப்புகள் தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது இங்கு வந்து சேரவில்லை. இங்கே இறந்தவர்களைப் பற்றி எஞ்சியிருப்பது “வயித்துல கட்டி” என்ற பேச்சு மட்டுமே. அது சினைப்பையா, குடலா, கல்லீரலா? தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது உறவும் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறியது. பிறழ்வு தந்தை வழியாகவும் சரிபாதி வாய்ப்போடு வரும். ஆனால் பல இடங்களில் தாயையும் தமக்கையையும் விசாரிப்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. அத்தையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிறழ்வை ஏந்திய ஆண்களில் பெரும்பாலோர் நோயில்லாமலே வாழ்ந்து முடிப்பதால் கொடிவழியில் தடயமே இருக்காது. மாமன் மகளை மணந்த வீடுகளில் தாய்வழி, தந்தைவழி என்ற படிவக் கட்டங்கள் இரண்டிலும் ஒரே கொள்ளுப்பாட்டி வந்து நிற்பார்.

எல்லாருக்கும் சோதனை செய்யச் சொல்லவில்லை. மார்பகப் புற்றில் மரபுவழி வருவது 5 முதல் 10% தான். நோயாளியின் உடலே தரும் சான்றை முதலில் வைக்க வேண்டும் என்கிறேன். சினைப்பைப் புற்று, இளவயது மார்பகப் புற்று, மூன்று ஏற்பிகளும் இல்லாத (டிரிப்பிள் நெகட்டிவ்) மார்பகப் புற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தால் போதும், கொடிவழி வெறுமையாக இருந்தாலும் அனுப்பலாம். இதற்கு மலேசியாவிலேயே முன்னோடி உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 2002-இல் தொடங்கிய மைபிஆர்சிஏ ஆய்வு, குடும்ப வரலாற்றை நுழைவுத் தகுதியாக்காமல் நோயாளிகளைச் சேர்த்தது. மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மேஜிக் திட்டம், மரபணு ஆலோசகர்களுக்காகக் காத்திராமல் புற்றுநோய் மருத்துவர்களையே ஆலோசனைக்குப் பயிற்றுவித்தது. தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போய்வரவே ஒரு நாள் கூலியை இழப்பவரைக் கோலாலம்பூருக்கு அனுப்புவதைவிட, சிகிச்சை தரும் மருத்துவரே ஆலோசனை சொல்வது நடக்கக்கூடியது.

தடை இன்னொன்றும் உண்டு. தமிழரிடம் காணும் பல பிறழ்வுகள் “பொருள் உறுதியாகாதவை” என்றே அறிக்கையில் வருகின்றன. ஒப்பிடத் தரவு குறைவு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்றவை சேர்த்துள்ள தமிழ்நாட்டுத் தரவோடு மலேசியத் தரவை இணைத்துப் படித்தால் இவற்றில் சில தெளிவாகும். ஒருவரிடம் பிறழ்வு உறுதியானபின் உறவினருக்கு அந்த ஓரிடத்தை மட்டும் சோதித்தால் போதும். செலவு வெகுவாகக் குறையும். அந்த உறவினர் பட்டியலில் கடலுக்கு அப்பால் நின்றுபோன கிளைகளையும் சேர்க்க வேண்டும்.